முழங்கால் தண்ணீர்

அத்தியாயம் பதினேழு

அன்புச்செல்வன் கம்பிக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். தளர்வாகத்தான் இருந்தது. அப்படித்தான் கட்டவேண்டும் என்று மாமனார் சொல்லியிருந்தார்.

மேல்பட்டாம்பாக்கத்துக்கு வடக்கே, பெண்ணையாற்றின் கரையில், மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது அந்தப் படகு. பதினான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், தட்டையான இரும்பு அடி. கடலூர்ப் பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்தில் முப்பது வருடம் ஆட்களையும் சைக்கிள்களையும் மீன்கூடைகளையும் அக்கரை சேர்த்த படகு. பாலம் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. பண்ருட்டி முந்திரி வியாபாரி சிங்காரவேலு அதை வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கினார். மேல்தளத்தில் நாற்காலிகள், பக்கத்தில் டீக்கடை, முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மேடை. படகுப் பூங்கா என்று பலகைகூட எழுதியாகிவிட்டது. தீபாவளியன்று திறப்பு. இன்னும் இரண்டே நாள்.

படகைச் சீர்செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் வேலுமணி. நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன் ஃபோர்மேனாக முப்பத்து நான்கு வருடம் இருந்து, ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர். எனக்குக் கூலி வேண்டாம், பேரை மட்டும் நான் வைக்கிறேன் என்று சிங்காரவேலுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முன்பக்கத்து நீலப் பட்டையில் வெள்ளை எழுத்தில் 'உமாராணி' என்று இருந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்ட அவருடைய மகள். அன்புச்செல்வனின் மனைவி.

அந்தக் கல்யாணத்துக்கு வேலுமணி வரவில்லை. முத்தாண்டிக்குப்பத்துப் பையன், கூலி வேலை பார்த்த குடும்பம் என்பது ஒரு காரணம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்ஜினியரிங் படித்தும் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் சூப்பர்வைசராகவே இருக்கிறான், பெர்மனென்ட் ஆகவில்லை என்பதை மட்டும் எல்லோரிடமும் சொன்னார். மகள் வீட்டுக்கு அவர் முதல் தடவையாக வந்தது அவளை எடுத்துக்கொண்டு போகத்தான்.

படகு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பேச்சு ஸ்பேனர் அளவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

கைபேசி அடித்தது. மாமியார் சுப்புலட்சுமி.

"ஏங்கண்ணு, சாப்ட்டயா?"

"ஆச்சுங்க."

"இட்லியா?"

"ஆமாங்க."

சாப்பிட்டிருக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

"மாசக் கடேசில குவார்ட்டர்ஸ காலி பண்ணியாகணும் கண்ணு. ஒவ்வொண்ணா மூட்டை கட்டறோம். உமா பீரோதான் அப்படியே நிக்குது. அந்தச் சாவி உன்ற கைல ஏதாச்சும் இருக்குமான்னு பாத்தயா?"

"பாத்தேங்க. இல்ல."

"சரி கண்ணு. கெடைச்சா சொல்லு."

அவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். பேன்ட் பாக்கெட்டில், பைக் சாவியோடு ஒரே வளையத்தில், சின்னதாக ஒரு பித்தளைச் சாவி தொடையில் குத்தியது. பதினான்கு மாதமாகக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஏன் கொடுக்கவில்லை என்று அவனைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

"இன்னா சார், காலைலயே கயித்தப் புடிச்சிகினு நிக்கிற?"

தமயந்தி கையில் டீயோடு வந்தாள். படகிலிருந்து நீரோட்டத்தில் இருநூறு அடி கீழே ஆறு வளைகிறது. அந்த வளைவின் மேட்டில் பதினோரு வீடுகள். அதில் மூன்றாவது வீடு அவளுடையது. பூங்கா திறந்தால் உள்ளே டீக்கடை அவளுக்கு என்று சிங்காரவேலு சொல்லியிருந்தார். இப்போதைக்கு வேப்ப மரத்தடியில் ஒரு ஸ்டவ்வும் இரண்டு பெஞ்சும்.

"கயிறு லூஸா இருக்குதான்னு பாத்தேன்கா."

"லூஸாத்தான் இருக்குது. எங்க வூட்டுக் கொடிகூட இதவிட டைட்டு." அவள் சிரித்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். நேற்று நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த செம்மண் தண்ணீர் இன்று இந்தப் பக்கத்து நாணலைத் தொட்டிருந்தது. "மூணு நாளா மேக்க பேஞ்சிகினு இருக்குதாம். ரேடியோவுல வேற சொல்லிகினே இருக்கான். ஏன் சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"தண்ணி இம்மாம் ஒசரம் வந்துச்சின்னா இது எங்க போவும்?"

"எங்கயும் போவாதுக்கா. கயிறு கட்டியிருக்குது."

"ஆடு மாட்டத்தான் கயித்துல கட்டுவாங்க. அதுங்ககூட அறுத்துகினு ஓடுது." அவள் தம்ளரை அவன் கையில் வைத்தாள். "இது ஓடிச்சின்னா நேரா எங்க வூட்டுலதான் வந்து நிக்கும். அதுக்குத்தான் கேட்டன். பலகாரம் சுட்டு வைக்கணுமா வேணாமான்னு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் டீயைக் குடிக்கவில்லை.

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். கூரை, நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்துப் படகின் எடை பதினெட்டு டன். நீளம், அகலம் தெரியும். முனைகளின் வளைவுக்குக் கொஞ்சம் கழித்தான். கல்லூரி இரண்டாம் வருடத்துக் கணக்கு, நான்கே வரி.

நாற்பது சென்டிமீட்டர் என்று வந்தது. இன்னொரு முறை போட்டான். அதேதான்.

எழுந்து படகின் பக்கத்தில் போய் நின்றான். மரக்கட்டையின் மேல் படகின் அடி. அதிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாக அளந்து கையை வைத்துப் பார்த்தான். படகின் அடியிலிருந்து ஓர் ஆளின் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால் போதும். பதினெட்டு டன்னும் தக்கையாக மேலே எழும்பிவிடும்.

எழும்பாமலிருக்க ஒரு வழி இருந்தது. தண்ணீர் உள்ளேயும் புகவேண்டும். வெளியே எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும். அப்போது அது படகு இல்லை, வெறும் இரும்புக் கட்டடம். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் தண்ணீர் புக ஒரு பொத்தல்கூட இல்லை. இன்ஜினுக்குத் தண்ணீர் எடுத்த குழாய், படகை உந்தும் விசிறியின் தண்டு வெளியே போன துளை, அடியில் இருந்த திருகு மூடி என எல்லாவற்றையும் வேலுமணி ஒவ்வொன்றாக அடைத்துத் தன் கையாலேயே வெல்டிங் வைத்திருந்தார். போன ஞாயிறு ஹோஸால் பீய்ச்சி அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இறங்கித் தரையை வேட்டியால் துடைத்துக் காட்டினார். வேட்டி நனையவில்லை. அன்று அவர் முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது. பதினான்கு மாதத்தில் அவன் அதைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"டீ ஆறிப்போச்சு சார்" என்றாள் தமயந்தி.

"அக்கா, நீங்க கேட்டது சரிதான்" என்றான். "எல்லாரையும் கூப்புட்டுச் சொல்லுங்க. சாமான மேல ஸ்கூலுக்குக் கொண்டு போவட்டும். நான் நெய்வேலி போய்ட்டு வந்துடறேன்."

அவள் சிரிப்பு நின்றது.

---

பண்ருட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. 'தானே' புயலில் மரங்கள் சாய்ந்த இடத்தில் மறுபடி நட்டு, இப்போதுதான் தோளளவு வளர்ந்திருந்த முந்திரிக் கன்றுகள் சாலையின் இருபுறமும் நனைந்துகொண்டிருந்தன. டவுன்ஷிப் நுழைவு வளைவுக்குள் போகும்போது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் தலை மேகத்துக்குள் போயிருந்தது.

பதினாறாம் பிளாக்கில் வேலுமணி வீட்டுக் கூடம் முழுக்கச் சாக்கு மூட்டைகள். சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. உள்ளறையில், கதவுக்கு நேரே, உமாவின் பச்சைப் பீரோ. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான்.

வேலுமணி பனியனோடு உட்கார்ந்து சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சார், படகுல பொத்தல் போடணும்" என்றான் அன்புச்செல்வன்.

அவன் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. சுரங்கத்தில் கூப்பிட்ட அதே சார்தான் இன்றுவரை.

"எதுக்கு?"

சொன்னான். எடை, அளவு, நாற்பது சென்டிமீட்டர். நோட்டை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"எழும்பட்டுமே. அதுக்குத்தான கயித்த லூஸா விட்டிருக்கேன். மைன்ஸ் சம்ப்ல பம்ப் மிதவை நிக்குதே, பாத்ததில்லையா நீ? மழைக்குத் தண்ணி ஏறும், மிதவையும் ஏறும். எறைச்சா தண்ணி எறங்கும், மிதவையும் எறங்கும். முப்பத்தி நாலு வருசம் என்ற மிதவை ஒண்ணாச்சும் அந்தண்ட இந்தண்ட போயிருக்குதா?"

"இல்ல சார்."

"பின்னே?"

"சம்ப்ல தண்ணி ஏறும் சார். ஓடாது."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

சமையலறை வாசலில் சுப்புலட்சுமி வந்து நின்றாள்.

"கயிறு இருபது எம்.எம். கம்பி" என்றார் வேலுமணி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கயிறு தாங்கும். கயித்தக் கட்டின கான்கிரீட் கட்டை மணல்ல நிக்குது. ஓடற தண்ணி மணல அரிச்சிடும். அப்புறம் படகு வளைவுக்குப் போவும். அங்க பதினோரு வீடு இருக்கு சார்."

"சிங்காரவேலு என்ன சொல்றாரு?"

"வழியில போன் பண்ணேன். திறப்பு விழா முடியட்டும், இப்ப கட்டர் வெச்சா பெயின்ட் போயிடும்னாரு."

"அவரே சொல்லிட்டாரில்ல? அப்புறம் உனக்கென்ன?"

அன்புச்செல்வன் நோட்டைப் பார்த்தான். அவனுக்கு எப்போதும் இரண்டாவது வாக்கியம் வருவதில்லை. உமா இருந்தபோது அதை அவள் சொல்லிவிடுவாள்.

வேலுமணி எழுந்தார்.

"ஏம்ப்பா இன்ஜினியரே, ஓட்டை போட்டா அதுக்குப் பேரு படகா? டப்பா. அந்தப் படகு வரும்போது எப்படி வந்துச்சு? சல்லடையா வந்துச்சு. ஒவ்வொரு ஓட்டையா நான் அடைச்சேன். சொட்டுத் தண்ணி போவாது இப்ப. என்ற புள்ள பேர எழுதி வெச்சிருக்கேன் அதுல. அதப் போயி அறுங்கறயே, உனக்குக் கை வருமா?"

"வரணும் சார்."

"வரும். உனக்கு வரும்." அவர் குரல் உடைந்தது. "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அன்னைக்கே செகண்ட் ஷிஃப்டுக்குப் போனவன்தான நீ? ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா உனக்கு? நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"ஏனுங்க..." என்று சுப்புலட்சுமி முன்னால் வந்தாள்.

"நீ சும்மா இரு. கேக்கட்டும்."

காண்ட்ராக்ட் வேலையில் பதினைந்து நாளுக்கு மேல் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அன்புச்செல்வன் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அதற்காகவும் போகவில்லை. வீட்டில் அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. அதைத் தாண்டிப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது?

நோட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"நான் போய் வெட்டறேன் சார். உங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"வெட்டினா இந்த வாசப்படி ஏறாத."

"சரிங்க."

வெளியே பைக்கில் ஏறியபோது சுப்புலட்சுமி தலையில் துண்டோடு ஓடிவந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையை ஹேண்டிலில் மாட்டினாள். உள்ளே எவர்சில்வர் டப்பா.

"அவிய பேசறத மனசுல வெச்சுக்காத கண்ணு. அந்தப் படகுல வேல செஞ்சாத்தான் ராத்திரி தூக்கம் வருதுங்கறாரு. அதான்."

"தெரியுங்க."

"அந்தப் பதினோரு ஊட்டுக்காரங்களுமா சாமான் தூக்கறாங்க?"

"ஆமாங்க."

"அப்ப போ" என்றாள். "மழைல மெதுவாப் போ."

---

பண்ருட்டியில் ஞாயிற்றுக்கிழமை பாதிக்கடை மூடியிருந்தது. தெரிந்த பட்டறைக்காரர் தங்கராசுவின் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, கேஸ் கட்டரும் இரண்டு சிலிண்டரும் வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, பைக்கில் அதன் பின்னாலேயே ஆற்றங்கரைக்கு வர மணி மூன்றரை ஆகிவிட்டது.

தண்ணீர் நாணலைத் தாண்டியிருந்தது. மரக்கட்டைகளுக்கும் அதற்கும் நடுவே பத்தடி மணல்தான் மிச்சம். வளைவில் பெண்கள் தலையில் மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் கோழிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

ஆட்டோக்காரர் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

அன்புச்செல்வன் படகின் ஓரத்தில் மண்டியிட்டான். அடிப்பகுதிக்குள் மூன்று அறைகள், நடுவில் இரும்புத் தடுப்புகள். அறைக்கு இரண்டு பொத்தல் வேண்டும், அடியோடு ஒட்டி. சாக்பீஸால் முதல் வட்டம் போட்டான். ஒரு தட்டு அளவு.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

சுரங்கத்தில் கட்டர் பிடிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. தகட்டின் இந்தப் பக்கம் ஒருவன் வெட்டினால், அந்தப் பக்கம் ஒருவன் வாளித் தண்ணீரும் ஈரச் சாக்குமாக நிற்கவேண்டும். வெட்டுகிறவனுக்குத் தன் பக்கத்து நெருப்பு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் விழும் பொறியை அவன் பார்க்க முடியாது. கரி ஏற்றிச் செல்லும் ரப்பர் பெல்ட்டில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஆள் இல்லாமல் கட்டர் பிடித்த ஒருவனை வேலுமணி எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கு வெளியே அனுப்பியதை அன்புச்செல்வன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பார்த்தான்.

இங்கே அந்தப் பக்கம் பெயின்ட் இன்னும் வாசம் மாறவில்லை. பிளைவுட் பலகைகள் அடுக்கியிருந்தன. முந்தாநாள்தான் வந்த சோபா நுரை வேறு.

"நான் உள்ள போய் குந்திகினு ஊத்தட்டா சார்?" என்றாள் தமயந்தி. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

"வேணாம்கா. புகை அடைச்சிகிச்சின்னா உங்களுக்கு வெளிய வர வழி தெரியாது."

"அப்ப யாரு?"

"யாரும் இல்ல."

"இதப் பொத்தல் போட்டா அந்த ஆளு சிங்காரவேலு எனக்குக் கடை குடுப்பானா சார்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தெரியலக்கா."

"குடுக்க மாட்டான்." அவள் வளைவைப் பார்த்தாள். "சரி, வுடு. வேப்ப மரம் இருக்குது. அதுக்கு எவன் வந்து விழா எடுக்கப் போறான்? நீ வெட்டு."

அவள் மூட்டை தூக்கப் போனாள்.

அவன் சிலிண்டரைத் திறந்தான். ஆள் இல்லாமல் வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டான். தப்பு என்று தெரிந்தே செய்கிற முடிவு. கண்ணாடியை இறக்கினான். லைட்டரை எடுத்தான்.

டக்.

தகட்டின் உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

அவன் கை நின்றது.

டக், டக். அவன் வரைந்த வட்டத்துக்கு ஒரு சாண் இடது பக்கம். சுத்தியல் நுனியால் இரும்பைத் தட்டும் சத்தம்.

சாக்பீஸ் வட்டத்தை உற்றுப் பார்த்தான். அதற்கு நேர் பின்னால்தான் படகின் விலா எலும்பு மாதிரியான அந்த இரும்புச் சட்டம் வரும். அங்கே வெட்டினால் பாதியில் கட்டர் நின்றுவிடும். சட்டமும் பலவீனமாகிவிடும். வெளியிலிருந்து அது தெரியாது. உள்ளே இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

அவன் வட்டத்தை உள்ளங்கையால் அழித்தான். ஒரு சாண் தள்ளி வரைந்தான். சாக்பீஸ் பிடித்த கையின் முட்டியால் அதன் நடுவில் இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது.

"வாளி வெச்சிருக்கேன்." தகட்டுக்கு அந்தப் பக்கம் வேலுமணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. "சாக்கு நனைச்சாச்சு. பலகையெல்லாம் மேல தூக்கிப் போட்டுட்டேன். வெட்டு."

"சார், நீங்க எப்ப..."

"வெட்டுப்பா. தண்ணி வருதில்ல?"

அன்புச்செல்வன் கட்டரைப் பற்றவைத்தான்.

நீலச் சுடர் தகட்டில் ஊன்றியதும் பெயின்ட் கருகிச் சுருண்டது. இரும்பு சிவந்து, வெளுத்து, பிளந்தது. பொறிகள் உள்ளே விழுவதும், ஒவ்வொன்றும் தண்ணீரில் சுர்ரென்று அணைவதும் கேட்டது. வட்டத் தகடு உள்பக்கமாகக் கழன்று விழுந்தது. பொத்தலின் வழியே ஈரச் சாக்கும், அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன. மணிக்கட்டில் அவருடைய நாற்பது வருடத்து வாட்ச்.

அந்தக் கை மறைந்தது. நான்கடி தள்ளி மறுபடி சுத்தியல் தட்டியது.

ஆறு பொத்தல், ஒன்றரை மணி நேரம். ஆறு இடத்தையும் அவர்தான் உள்ளேயிருந்து தட்டிக் காட்டினார். கடைசிப் பொத்தல் முன்பக்கம், பெயருக்கு நேர் கீழே. அங்கே மட்டும் சுத்தியல் சத்தம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அவன் காத்திருந்தான். மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது.

டக்.

வெட்டினான்.

வேலுமணி ஏணி வழியே இறங்கி வந்தார். முகம், மீசை, பனியன் எல்லாம் கரி. அவருடைய டி.வி.எஸ். படகின் அந்தப் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றதை அன்புச்செல்வன் அப்போதுதான் பார்த்தான்.

"பண்ருட்டில கெடிலம் பாலத்துல வண்டிய நிறுத்தினேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு வாழை மரம், தாரோட, வந்துச்சு. பாலத்துக்கு இந்தப் பக்கம் பாத்தேன். திரும்பி அந்தப் பக்கம் போறதுக்குள்ள காணோம்." கையை வாளியில் கழுவினார். "நாலே எட்டு வெச்சேன். அதுக்குள்ள காணோம். முப்பத்தி நாலு வருசத்துல தண்ணி அப்படிப் போயி நான் பாத்ததில்லப்பா."

கையை உதறிவிட்டுச் சொன்னார்: "ஆளில்லாமயா கட்டர் பிடிக்கப் போன?"

"ஆமா சார்."

"சர்வீஸ்ல இருந்திருந்தா உன்னைக் கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பேன்."

"தெரியும் சார்."

---

ஐந்தரைக்குத் தண்ணீர் மரக்கட்டையைத் தொட்டது. அதன் பிறகு அது நிற்கவில்லை.

இருவரும் கரைப்பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகை ஒட்டி நின்றார்கள். போகவேண்டும் என்று தெரிந்தும் போகவில்லை. மேட்டில் தமயந்தியும் மற்றவர்களும் குடையும் கோணியுமாக வரிசையாக நின்றார்கள்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முதல் பொத்தலின் விளிம்பைத் தொட்டு, தயங்கி, உள்ளே வழிந்தது. பிறகு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு பொத்தலிலும் ஆறு போய்க்கொண்டிருந்தது. காலி இரும்புக்குள் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. போகப் போக அந்தச் சத்தம் அடங்கியது.

ஆடுசதை. அப்புறம் முழங்கால்.

படகு ஒரு முறை முனகியது. எங்கோ ஓர் இரும்பு இன்னோர் இரும்பின் மேல் நகர்ந்தது. பின்பக்கம் ஒரு விரற்கடை தூக்கியதை அன்புச்செல்வன் பார்த்தான். கயிறு அவன் கையில் விறைத்தது. மேட்டில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள்.

வேலுமணி உள்ளங்கையைத் தகட்டில் வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல வைத்தார்.

பின்பக்கம் இறங்கியது. மரக்கட்டை நெரிந்தது. கயிறு தளர்ந்தது.

"உக்காந்துருச்சு" என்றார்.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் வெளியே எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும் இருந்தது. படகு அசையவில்லை. ஒரு பெரிய மரக்கிளை வந்து அதில் மோதி, சுற்றிக்கொண்டு, வளைவை நோக்கிப் போயிற்று. வீடுகளைத் தொடாமல் நடு ஆற்றுக்கு இழுபட்டது.

மேட்டிலிருந்து தமயந்தி கூப்பிட்டாள்: "யோவ் ரெண்டு பேரும் ஏறி வாங்கய்யா! அது நிக்குது. நீங்கதான் போய்டப் போறீங்க!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். பாதி வழியில் வேலுமணிக்குக் கால் வழுக்கியது. அன்புச்செல்வன் அவர் தோளைப் பிடித்தான். மேட்டுக்கு வந்த பிறகும் கையை எடுக்க மறந்துவிட்டான்.

சுப்புலட்சுமி கொடுத்த டப்பா வேப்ப மரத்தடியில் நின்ற பைக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேலுமணி அதைத் திறந்தார். தயிர் சாதமும் மிளகாயும். பாதியை மூடியில் போட்டு அவனிடம் நீட்டினார். நின்றபடியே சாப்பிட்டார்கள். காலையிலிருந்து பட்டினி என்பது முதல் கவளத்தில்தான் அன்புச்செல்வனுக்குத் தெரிந்தது. இரண்டாவது கவளத்தில் கண் நிறைந்தது. மிளகாயினால் அல்ல. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

வேலுமணி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பீரோ சாவி உன் பைக் சாவியோடதான் தொங்குது" என்றார். "படகுக்கு வந்த முதல் ஞாயித்துக்கிழமையே பாத்தேன். அவகிட்ட சொல்லல."

அன்புச்செல்வனின் கை பாக்கெட்டுக்குப் போய் நின்றது.

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது சார். நான் தொறக்கல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

வேலுமணி மூடியை மழையில் நீட்டிக் கழுவினார். நிதானமாக, இரண்டு பக்கமும்.

"முப்பதாம் தேதி லாரி வருது. பூட்டினபடியே ஏத்தறதா, தொறந்து பாத்துட்டு ஏத்தறதான்னு நீதான் சொல்லணும்." டப்பாவை மூடி அவனிடம் கொடுத்தார். "தொறக்கறதா இருந்தா தனியாத் தொறக்காத. அந்தப் பக்கம் நான் நிக்கறேன்."